வேண்டாம் என்ற சொல்லின் காலம்

ஆக்சிஜன் முகமூடியை விலக்கியது அவளா, அப்பாவா என்பது இப்போது உறுதியாகத் தெரியவில்லை. அவள் விரல்கள் அதன் ரப்பர் வாரைப் பிடித்திருந்தன. அப்பாவின் கையும் அங்கே வந்தது. இரண்டும் சேர்ந்துதான் அதை மூக்கிலிருந்து தாடைக்கு இறக்கியிருக்க வேண்டும். அவர் அசதியில் இமைகளை மூடியது எப்போது என்பதும் அப்படித்தான். சில நாட்கள் ஒரு மாதிரியும் சில நாட்கள் வேறு மாதிரியும் நினைவுக்கு வருகிறது. பேசிய சொற்களில் மட்டும் சந்தேகம் இல்லை. அன்று காலை அந்தக் கட்டிலைச் சுற்றிப் பேசியதே கொஞ்சம்.

"அப்பா, மூச்சுக்கு மெஷின் வைக்கட்டுமான்னு டாக்டர் கேக்கறாங்க. வாய் வழியா குழாய் விட்டு. உங்களுக்கு என்ன தோணுது?"

முகமூடி இல்லாத அந்தச் சிறிய இடைவெளியில் அப்பா காற்றைத் தேடினார். மீசை ஈரமாக இருந்தது.

"உங்கம்மாவுக்கு வச்சாங்களே… அதுவா?"

"ஆமாம்ப்பா. அதேதான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகமூடி திரும்ப மூக்கின் மேல் ஏறியது. கண் மூடியிருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் டாக்டர் நின்றிருந்தார். வயது குறைந்த பெண். இரவெல்லாம் விழித்த முகம். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்து மாநிலத்து ஆஸ்பத்திரி அது; அந்த வார்டில் யாருக்குமே தமிழ் தெரியாது. அதனால் அப்பாவைச் சேர்த்ததிலிருந்து எல்லாப் பேச்சும் இளைய மகளிடமே வந்து சேர்ந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் வராது. அக்காவின் கணவருக்குக் கொஞ்சம் வரும். ஆனால் பாதி வாக்கியத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். இளையவள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பவள். பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வரும் பெரியவர்களுக்கு இலக்கணம் எடுப்பாள். கடைக்காரர்கள், டிரைவர்கள், வீடு பெருக்குகிற பெண்கள் வருவார்கள். வினைச்சொல்லும் அதன் காலங்களும் அவளுடைய பாடம். அத்தான் அவளை 'டென்ஸ் டீச்சர்' என்பார். "டென்ஸ் டீச்சருக்கு இன்னிக்கு டென்ஷன்" என்று மாதத்துக்கு நாலு தடவை சொல்வார். யாரும் சிரிக்காவிட்டால் தானே சிரித்துக்கொள்வார்.

டாக்டர் முந்தின நாளே எல்லாம் விளக்கியிருந்தார். நுரையீரலில் பெரும்பகுதி போய்விட்டது. குழாய் வைத்தால் ஒருவேளை பிழைத்து எழுந்திருக்கலாம். ஒருவேளை அந்தக் குழாயோடே கிடக்க வேண்டியும் வரலாம். நல்லது எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அவருக்குத் தெளிவு இருக்கும்போதே கேளுங்கள், அவர் சொல்வதுதான் முடிவு, உங்கள் ஆசை அல்ல என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார்.

இப்போது டாக்டர் கேட்டார், ஆங்கிலத்தில், அப்பா என்ன சொல்கிறார் என்று.

அவளுக்கு அம்மா நினைவு வந்தது. நாலு வருடத்துக்கு முன் அம்மா இப்படி ஒரு கட்டிலில் குழாயோடு இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தாள். பிடுங்கிவிடக் கூடாதென்று கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அம்மா அடங்கிய பிறகு, வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரின் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே அப்பா சொன்னார்: "எனக்கு இதெல்லாம் வேணாம். இப்பவே சொல்லிட்டேன்." பின் சீட்டில் அவளும் அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"ஹி டிட்ன்ட் வான்ட் இட்," என்றாள்.

அது பொய்யில்லை. அவர் வேண்டாமென்று சொல்லியிருந்தார். அன்று.

டாக்டரின் பேனா நின்றது. தலையை லேசாகச் சாய்த்து, அவசரம் இல்லாமல், சொல்லைச் சொல்லாகப் பிரித்து அவர் கேட்டார்.

"டிட்ன்ட்? ஆர் டஸ்ன்ட்?"

அவளுக்குக் காது சுட்டது.

அம்மா போய் மூன்று மாதம் ஆகியிருந்தபோது, ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே அவள் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னாள். அம்மாவுக்குப் பிடித்த நிறம் மஞ்சள் என்பதுபோல ஒன்று, ஆங்கிலத்தில். 'இஸ்' என்றாள். தலைமை ஆசிரியர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, மென்மையாக, அவளுக்கு உதவி செய்வதுபோல, "வாஸ்" என்றார். மற்றவர்கள் தங்கள் கப்புக்குள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வெல்டரின் மகள், காலம் கடந்து ஆங்கிலம் படித்து, அதையே தொழிலாக்கிக்கொண்டவள், தன் பாடத்திலேயே தவறியது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவள் பல வாரங்கள் யோசித்தாள். அம்மா இல்லை என்பதைவிட அந்த 'வாஸ்' சில இரவுகளில் அதிகமாக உறுத்தியது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அது தலைகீழாகத் திரும்பி வந்திருந்தது. கண்முன் மூச்சுவிடுகிற மனிதரை இறந்தகாலத்தில் பேசிவிட்டாள். டாக்டர் திருத்துகிறார்.

"சாரி," என்றாள் அவசரமாக. "டஸ்ன்ட். ஹி டஸ்ன்ட் வான்ட் இட்."

டாக்டர் தலையசைத்தார். குனிந்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு அப்பாவின் பாதத்தைப் போர்வையின் மேலாக ஒருமுறை தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அக்கா பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு வந்தாள். "டாக்டர் வந்துட்டுப் போயிட்டாங்களா? என்ன சொன்னாங்க?"

"மெஷின் வேணாம்னு எழுதிக்கிட்டாங்க."

"அப்பாவே சொன்னாரா?"

"ம்."

அக்கா பிளாஸ்க்கைத் துடைத்து மூடினாள். திருகும்போது மூடி கீச்சிட்டது. "சொன்னபடியே நிக்கிறாரு, பாரு. அன்னிக்குக் கார்ல சொன்னதுதான்," என்றாள். அவள் குரலில் இருந்தது துக்கமா நிம்மதியா என்று பிரிக்க முடியவில்லை. நாலு வருடமாக அப்பாவின் இருமலோடு ஒரே வீட்டில் இருப்பவள் அவள்தான்.

மதியம் அப்பா கொஞ்சம் தெளிந்தார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொல்லிச் சைகை காட்டினார். அக்கா ஸ்பூனால் பால் கொடுத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் முகமூடியைத் தூக்கி, துடைத்து, திரும்ப வைத்தாள். நாலு ஸ்பூன் உள்ளே போனது. ஐந்தாவது தாடையில் வழிந்தது.

"இது என்னடி, வெல்டிங் மாஸ்க் மாதிரி," என்றார் அப்பா. "உள்ள நெருப்பும் இல்ல… ஒண்ணும் இல்ல."

அக்கா சிரித்தாள். "நீங்க அதையே ஒழுங்கா போட்டிருந்தா இங்க வந்திருக்க மாட்டீங்க."

"போட்டா… வேலை சுத்தமா வராது."

"ஆமா, இப்ப ரொம்ப சுத்தமா இருக்கு நெஞ்சு."

அப்பாவின் தோள் குலுங்கியது. அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்கியதும் அக்கா கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள், துணியை மாற்றினாள், கீழே போய்க் கணவரைச் சாப்பிட வைத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். ஒரு நோயாளிக்கு இரண்டு பேருக்கு மேல் அனுமதி இல்லை என்பதால் அத்தான் காலையிலிருந்து கீழே பெஞ்சில் பைகளோடு உட்கார்ந்திருந்தார்.

இளையவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பாவின் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய பொறிகள் விழுந்த வெள்ளைப் புள்ளிகள். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. வீட்டிலும் அவளும் அப்பாவும் மட்டும் இருக்கும்போது எப்போதும் இப்படித்தான். அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

"சின்னவளே."

அவள் முகமூடியைத் தூக்கினாள்.

"எப்ப வைக்கறாங்க?"

"என்னப்பா?"

"அதான். மெஷினு."

அவளுக்கு உடனே புரிந்தது. புரியாததுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு வச்சப்ப… எனக்கு வேணாம்னு சொன்னீங்களேப்பா."

"அது அவ பட்டதைப் பாத்து." அவர் முகமூடியை வாங்கித் தானே அழுத்தி, நாலு மூச்சு இழுத்து, திரும்ப இறக்கினார். "தனக்குன்னு வரப்போ வேற மாதிரி இருக்கு. ரெண்டு நாள் வச்சிட்டு எடுத்துருவாங்கல்ல? கேட்டியா?"

"கேக்கறேன்."

"கேளு." மறுபடி மூச்சு. "பயப்படறாருன்னு சொல்லாத. சும்மா… வைக்கச் சொல்லு."

அவர் இதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலின் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நாற்பது வருடம் வாசற்கதவுகளும் ஜன்னல் கம்பிகளும் அடித்தவர், பட்டறையில் தீப்பற்றியபோது ஓடாமல் நின்று மண்ணை அள்ளிப் போட்டவர், மகளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு வெட்கத்தோடு திரையைப் பார்த்தார். அவள் முகமூடியைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள்.

நடைபாதையில் நாலடி போவதற்குள் டாக்டரின் கேள்வி அவள் காதில் திரும்பக் கேட்டது. இந்த முறை அதில் திருத்தம் இல்லை. 'டிட்ன்ட்? ஆர் டஸ்ன்ட்?' முன்பு வேண்டாமென்றாரா, இப்போது வேண்டாமென்கிறாரா? அவ்வளவுதான் கேட்டிருக்கிறார். கட்டிலுக்கருகே நின்று யாரும் அடுத்தவர் இலக்கணத்தைத் திருத்த மாட்டார்கள். உயிர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். இவள் சரியான விடையைச் சொல்லி, அதைத் தவறென்று எண்ணி அடித்து, தவறான விடையை எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

நர்ஸ் மேஜையில் டாக்டர் எங்கே என்று கேட்டாள். வேறு மாடியில், மாலை சுற்றுக்கு வந்துவிடுவார் என்றார் நர்ஸ். போனை எடுத்துக்கொண்டே, "அர்ஜென்ட்?" என்றார்.

கூப்பிட்டால் உடனே வருவார். வந்தால் உடனே பேச வேண்டும். என்ன வாக்கியம் பேசுவது?

"நோ," என்றாள் அவள்.

நர்ஸ் போனை வைத்துவிட்டார்.

நடைபாதையின் கோடியில் ஒரு ஜன்னல் இருந்தது. அங்கே போய் நின்றுகொண்டு அவள் வாக்கியங்களை உருவாக்கினாள். வகுப்பில் அவள் முதல் நாளே ஒன்று செய்வாள். 'எங்க அப்பா வெல்டர்' என்று தமிழில் பலகையில் எழுதி, இதில் வினைச்சொல் எங்கே என்று கேட்பாள். எல்லோரும் தேடுவார்கள். இருக்காது. அவர் இப்போது வெல்டரா, முன்பு வெல்டராக இருந்தாரா, உயிரோடு இருக்கிறாரா என்று எதையும் சொல்லாமல் தமிழில் ஒரு மனிதரைப் பற்றிப் பேசிவிடலாம். அடுத்து 'வேண்டாம்' என்று எழுதுவாள். இது எந்தக் காலம்? நேற்றா, இன்றா, நாளையா? வகுப்பு சிரிக்கும். இதற்குக் காலமே கிடையாது என்பாள். ஆங்கிலத்தில் அப்படித் தப்பிக்க முடியாது, வாயைத் திறக்கும் முன் நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். இதைச் சொல்லும்போது அவளுக்கு எப்போதும் ஒரு பெருமிதம் வரும்.

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். காலையில் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அதன் பின்னால் கேள்வி வரும்: பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள்? அதற்கு விடை: நீங்கள் என் ஆங்கிலத்தைத் திருத்துகிறீர்கள் என்று நினைத்தேன்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் மனத்துக்குள் பல விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எந்த விதத்திலும் சொல்ல முடியவில்லை.

"இங்க என்ன பண்ற?"

அத்தான் பேப்பர் கப்பில் டீயோடு நின்றிருந்தார். அக்கா மேலே வந்துவிட்டதாகவும், தான் நர்ஸ் பார்க்காதபோது நுழைந்துவிட்டதாகவும் சொன்னார். "குடி. முகம் ஏன் இப்படி இருக்கு? அழணும்னா அழுதுரு, டென்ஸ் டீச்சர். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"அத்தான், ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"டாக்டர்கிட்ட. இங்கிலீஷ்ல."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, இடம் நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். "நீயா? உனக்கே தப்பு வந்தா நாங்கல்லாம் ஊமையாத்தான் திரியணும். விடும்மா. அந்தம்மாவுக்கு ஆயிரம் வேலை. நீ 'இஸ்' சொன்னியா 'வாஸ்' சொன்னியான்னா பாத்துக்கிட்டு இருக்கப் போறாங்க?"

அவள் டீயைக் குடித்தாள். ஆறிப் போயிருந்தது. இன்னும் ஒரு தடவை ஆரம்பிக்கலாம் என்று நினைத்தபோது அவர் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

வார்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அப்பா தூங்குவதுபோல இருந்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அவர் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். நல்ல தூக்கம் என்று கை காட்டினாள். இளையவள் ஜன்னலுக்குத் திரும்பினாள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவளுக்கு ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது.

ஹி ஹேஸ் சேஞ்ச்ட் ஹிஸ் மைண்ட். அவர் மனத்தை மாற்றிக்கொண்டுவிட்டார்.

பிழை எதுவும் இல்லாத வாக்கியம். ஒரு காரியம் முடிந்துவிட்டது, ஆனால் அதன் ஈரம் இன்னும் காயவில்லை என்றால் இந்தக் காலத்தைப் போடுங்கள் என்று வகுப்பில் சொல்வாள். இதில் அவள் எங்குமே இல்லை. காலையில் வேண்டாமென்றவரும் அப்பா, இப்போது வேண்டுமென்பவரும் அப்பா. நடுவில் அவள் வெறும் மொழிபெயர்ப்பாளர்.

டாக்டர் வந்தபோது அவள் அதைச் சொன்னாள். தடுமாறாமல் சொன்னாள். டாக்டரின் முகம் மாறியது. "எப்போது?" என்று கேட்டார்.

"மதியம்."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு வேகமாக உள்ளே போனார்.

அப்பாவின் விரலில் இருந்த கிளிப்பைச் சரிசெய்து, மானிட்டர் திரையில் எண்ணைப் பார்த்தார். தோளைத் தட்டினார். "அப்பா," என்று கூப்பிட்டார். இரண்டு நாளில் அவர் கற்றுக்கொண்டிருந்த ஒரே தமிழ்ச் சொல். "அப்பா! அப்பா!" நெஞ்செலும்பின் மேல் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தார். அப்பா கண்ணைத் திறந்தார். யாரையும் பார்க்கவில்லை.

"கேளுங்கள்," என்றார் டாக்டர்.

"அப்பா, மெஷின் வைக்கலாமாப்பா? மதியம் சொன்னீங்களே."

"கேட்டுக் கதவு கோணலா நிக்குது," என்றார் அப்பா தெளிவான குரலில். "தூக்கிப் புடி."

"என்ன சொல்கிறார்?"

அவள் சொன்னாள். டாக்டர் பெருமூச்சு விட்டார். கெட்ட காற்று வெளியேறாமல் ரத்தத்தில் தங்கி மூளைக்கு ஏறிவிட்டது, மதியமே இது தொடங்கியிருக்கலாம் என்றார். இந்த நிலையில் அவர் சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. டாக்டர் காலையில் எழுதியதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, மிகவும் மெதுவாக, ஒன்றும் தவறிவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டார்.

"காலையில் அவர் தெளிவாக இருந்தார். அப்போது அவரே சொன்னார், வேண்டாமென்று. ஹி டிட் சே இட். யெஸ்?"

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்திருந்தாள். "என்னடி கேக்கறாங்க?"

பதில் சொல்ல நிறைய நேரம் இருந்தது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் தரையில் தேய்ந்துகொண்டே போய், திரும்பி, நின்றது. அப்பாவின் முகமூடிக்குள் ஈரம் படர்ந்து விலகியது. படர்ந்து விலகியது. இல்லை என்ற ஒரு சொல் போதும்; அதற்குக் காலம்கூடப் பார்க்க வேண்டாம். அவள் டாக்டரின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்தாள். அதிலிருந்த படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யெஸ்," என்றாள்.

டாக்டர் தலையசைத்தார். அவள் தோளில் கை வைத்தார். அவர் தெளிவாக இருந்தபோது சொன்னதை மதிப்போம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியபோது முகமூடிக்குள் ஈரம் படர்வது நின்றது. அக்காவின் கை அவர் பாதத்தில் இருந்தது. இளையவள் கை எங்கும் இல்லை; இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

வார்டை விட்டுப் போகும்போது டாக்டர் திரும்பி வந்து அவளிடம் சொன்னார்: "ஹி நியூ வாட் ஹி வான்டட்." தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு வினையும் இறந்தகாலத்தில், சரியாக இருந்தன.

"என்ன சொல்றாங்க?" என்றாள் அக்கா.

"வருத்தமா இருக்காம்."

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். பட்டறையில் அப்பாவிடம் வேலை பழகியவர்கள், கதவு செய்து வாங்கியவர்கள், அக்கம்பக்கம், தூரத்து உறவு. வாசலில் ஷாமியானா போட்டு நாற்காலிகளை இறக்கினார்கள். அப்பாவை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். முகம் சவரம் செய்யப்பட்டுச் சின்னதாகத் தெரிந்தது. அத்தான் வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிக்க வைக்கத் தெரிந்தவருக்கு அழ வைக்கவும் தெரிந்திருந்தது.

"மெஷின் வைக்கலாம்னு டாக்டரே சொல்றாங்க. இவரு ஒரே வார்த்தை. வேணாம்! அத்தனை மூச்சுத் திணறல்லயும்."

"இரும்பு மனுசன்யா," என்றார் அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர். "சாவையே வாசல்ல நிக்க வச்சுப் பேசியிருக்காரு பாரு."

"யாருக்கு வரும் அந்தத் தைரியம்? நமக்கெல்லாம் ஊசின்னாலே ஒண்ணுக்கு வந்துரும்."

சின்னச் சிரிப்பு எழுந்து அடங்கியது. அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். 'பயப்படறாருன்னு சொல்லாத' என்றது மறுபடி கேட்டது. அதையாவது அவள் காப்பாற்றியிருக்கிறாள் என்று ஒரு எண்ணம் வந்தது. அது வந்ததற்காகவே அவளுக்கு உடம்பு கூசியது.

சித்தி முறை வேண்டிய ஒரு பெண்மணி அவள் தலையைத் தடவினாள். "நீ மட்டும் இல்லன்னா அந்த ஆஸ்பத்திரியில யாரு பேசியிருப்பா? அவரு மனசுல இருந்ததை அவங்களுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்லணும்ல? பொண்ணைப் படிக்க வச்சது வீண் போகல."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அந்தப் பெண்மணி இன்னும் நெருக்கமாக அணைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து, ஆண்கள் திரும்பி வந்து குளித்து, நாற்காலிகள் அடுக்கப்பட்ட பிறகு, அக்காவும் அவளும் சமையலறையில் தம்ளர்களைக் கழுவினார்கள். அக்கா சோப்புப் போட, அவள் அலசினாள். 

"ஆமா, நேத்து சாயங்காலம் அந்த டாக்டரம்மா உன்னைப் பாத்து என்னமோ கேட்டாங்களே. நீகூட ரொம்ப நேரம் யோசிச்சுட்டு யெஸ்ஸுன்னே. என்னடி கேட்டாங்க?"

கையிலிருந்த தம்ளரை அவள் இரண்டாம் முறை அலசினாள்.

"ஏதாவது சாப்பிட்டாரான்னு கேட்டாங்க."

"மதியானம் நாலு ஸ்பூன் பால் குடிச்சாரே. சொன்னியா?"

"சொன்னேன்."

அக்கா திருப்தியாகத் தலையாட்டினாள். "நல்ல பொண்ணு. அந்த நேரத்துலயும் சாப்பிட்டாரான்னு கேக்கறா பாரு," என்றாள். பிறகு முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த தம்ளரை எடுத்தாள்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பட்டறையை அப்பாவிடம் வேலை பழகியவர்களில் இருவர் எடுத்து நடத்துகிறார்கள். அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அந்தக் கதையை இப்போது இன்னும் நன்றாகச் சொல்கிறார். டாக்டர் மேற்படிப்புக்காக வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. இளையவள் அதே இடத்தில் பாடம் எடுக்கிறாள். பலகையில் 'வேண்டாம்' என்று எழுதுவதில்லை, வேறு உதாரணம் வைத்திருக்கிறாள். அக்கா மூன்று மாதத்துக்கு முன் அங்கேயே மாலை வகுப்பில் சேர்ந்தாள், வேறொரு ஆசிரியரிடம். ஆஸ்பத்திரியில் பொம்மை மாதிரி நின்றது மனதை விட்டுப் போகவில்லை, இந்த வயதில் என்ன வெட்கம் என்றாள். தங்கைக்கு மறுத்துச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அக்காவுக்கு நல்ல காது. கேட்டதைக் கேட்டபடி திரும்பச் சொல்கிறாள் என்று அந்த ஆசிரியர் வந்து மெச்சினார். நிகழ்காலம் முடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் இறந்தகாலம் தொடங்குகிறது.